கணிப்பொறி எழுதும் தலையெழுத்து

சாதகக் கட்டத்தைப் பார்த்து, "இவனுக்குக் கல்வி யோகம் இல்லை" என்று கூறியவர்களை எள்ளி நகையாடியவர்கள் நாம். அதே தீர்ப்பைக் கணிப்பொறி கூறினால் கைகட்டி ஏற்பதோ?

மாணவரின் மதிப்பெண், படித்த பள்ளி, குடும்ப நிலை ஆகியவற்றைக் கணிப்பொறியிலிட்டு, எவர் தேறுவார், எவர் இடையில் நிற்பார் என்று கல்லூரிகள் பல முன்கூட்டியே கணிக்கின்றன. கணக்கைச் சோதிடம் என்று நாம் இகழமாட்டோம். ஆயினும், அக்கணக்கு எந்த ஏட்டிலிருந்து எழுந்தது என்று கேட்பது பகுத்தறிவாளர் கடமையன்றோ!

இலண்டனில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரி, 1982ஆம் ஆண்டுக்குள் விண்ணப்பங்களின் முதற்சலிப்பு முழுவதையும் கணிப்பொறியிடம் விட்டது. தேர்வாளர்கள் முன்பு செய்த முடிவுகளே அதற்குப் பாடம். நூற்றுக்குத் 90க்கு மேல் அது அவர்களோடு ஒத்துப்போயிற்று. ஒத்துப்போனதே கேடு! பெண்ணென்றால் மதிப்பைக் குறைத்தது. ஐரோப்பியப் பெயர் இல்லையென்றால் மேலும் குறைத்தது. ஆண்டுக்கு 60 பேர் வரை இதனால் நேர்முகத்துக்கே அழைக்கப்படாமல் போயிருக்கலாம் என்பது 1988இல் அந்நாட்டு இன சமத்துவ ஆணையத்தின் விசாரணையில் வெளிப்பட்டது. மனிதர் காட்டிய வேற்றுமையை எண்ணாக்கித் தந்தது பொறி, அவ்வளவே!

வாயிலில் தடுக்கப்பட்டவர் உள்ளே வந்திருந்தால் எப்படிப் படித்திருப்பார்? எந்த ஏட்டிலும் விடை இராது. சேர்க்கப்பட்டவர் கதை மட்டுமே அங்கு உண்டு.

அதே கணக்கு கைகொடுத்துத் தூக்கவும் கூடும். அமெரிக்காவின் அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம், பழைய மாணவர் பதிவேடுகளை ஆராய்ந்து 800க்கு மேற்பட்ட எச்சரிக்கைக் குறிகளைத் தொகுத்து, 2012 முதல் பயன்படுத்தியது. குறி தென்பட்டதும் மாணவரை விரட்டவில்லை. ஆலோசகர் அழைத்துப் பேசி வழிகாட்டினார். கட்டணத்தில் சிறுதொகை குறைந்ததால் படிப்பை இழக்க இருந்தோர்க்கு அத்தொகையும் வழங்கப்பட்டது.

நம்மில் பலர், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். 2010இல் தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. "வீட்டில் வேறு பட்டதாரி இல்லை" என்ற விடை அங்கே உதவிக்கு உரிமைச் சீட்டு. அதே விடையை, "இவன் தேறமாட்டான்" என்பதற்குச் சான்றாகக் கொள்ளவும் ஒரு பொறியைப் பழக்கலாம்!

தோழர்களே, எண் ஒன்றுதான். எண்ணம் எது என்பதே கேள்வி. தடுமாறுபவரைத் தாங்குவதற்கானால் கணக்கை வரவேற்போம். தாழிடுவதற்கானால், அந்தக் கணக்கின் ஏட்டைக் காட்டு என்று கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம்!