சூரியனைக் காவல் செய்வோர்

மேனாட்டுப் பல்கலைக்கழகமொன்று தனது விண்வெளி வானிலை முன்னறிவிப்பு நிலையத்துக்கு ஆராய்ச்சியாளர் தேவையென விடுத்திருந்த அறிவித்தலொன்றை, எம் மாணவர் சிலர் அண்மையில் எம்மிடம் கொணர்ந்தனர். பௌதிகவியலிலோ கணிதத்திலோ கலாநிதிப் பட்டம் பெற்றோர் விண்ணப்பிக்கலாம்; நியமனம் ஓராண்டுக்கு; நிதியிருப்பின் நீடிக்கப்படலாம். “விண்வெளியிலும் மழை பெய்யுமா, சேர்?” என ஒருவர் நகைத்தார். நகைத்துத் தள்ளிவிடக்கூடிய விடயமல்ல இது என்பதனாலேயே இங்கு எழுதுகிறோம்.

சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட துணிக்கைகள் ஓயாது வீசிக்கொண்டிருக்கின்றன. சிற்சில வேளைகளில் நூற்றுக்கணக்கான கோடி தொன் பொருள், காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு வெடித்துக் கிளம்புகின்றது. பூமியை நோக்கி வருவது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள்களுள் வந்து சேரும். அது மோதிப் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்குங்கால், நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் பாய்கின்றது. 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது இலட்சம் மக்கள் ஏறக்குறைய ஒன்பது மணிநேரம் மின்சாரமின்றித் தவித்தமை இதனாலேயே. 2024 மே மாதத்துப் பெரும் புயலின்போது, செய்மதி வழிகாட்டலை நம்பி விதைத்துக்கொண்டிருந்த அமெரிக்கக் கமக்காரர் பலர் தம் உழவு யந்திரங்களை நிறுத்த நேர்ந்தது. வானத்து நிகழ்ச்சியெனினும் அதன் சுமை உழைப்போர் தலையிலும் இறங்குகின்றது.

இன்னொரு நாளையும் நாம் மறத்தலாகாது. 1967 மே 23ஆம் திகதி, அலாஸ்கா, கிறீன்லாந்து, இங்கிலாந்து ஆகிய மூன்றிடங்களில் சோவியத் ஏவுகணைகளைக் கண்காணிக்க அமெரிக்கா நிறுவியிருந்த ராடர்கள் யாவும் ஒருங்கே குழம்பின. வேண்டுமென்றே அவற்றைக் குழப்புதல் போர்ச்செயலாகக் கருதப்பட்ட காலம் அது. விமானப்படை மேலதிக விமானங்களை ஆயத்தஞ் செய்யத் தொடங்கிற்று. அவ்வேளை சூரியனைக் கவனித்துவந்த ஒரு சிலர், குழப்பத்துக்குக் காரணம் சூரியனில் எழுந்த வானொலி அலைவெடிப்பே என மேலிடத்துக்கு அறிவித்தனர். விமானங்கள் கிளம்பவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெலோரஸ் நிப்பும் சகாக்களும் 2016இல் இவ்வரலாற்றை விரிவாக வெளியிட்டனர். கருவிகள் குழம்பிய கணத்தில் உலகைக் காத்தது, அவற்றின் குறியை விளங்கிக்கொள்ளக்கூடிய மனிதரின் அறிவே அன்றோ?

அத்தகைய மனிதரை நாம் எவ்வாறு பேணுகிறோம்? சூரியப் புள்ளிகள் பெருகித் தேயும் சுழற்சி ஏறத்தாழ பதினொரு ஆண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், சூரியத் துணிக்கைப் புயல்களை முன்னறிவதற்கென அமைந்த ‘கிளியர்’ நிலையத்துக்கு நாசா வழங்கிய நிதியோ ஐந்தாண்டுக்கானது. இது பெருந்தொகைதான், எனினும் சுழற்சியின் பாதியைக்கூட எட்டாது. இத்துறையில் இளம் ஆராய்ச்சியாளரின் நியமனங்கள் பல இதனிலும் குறுகியவை. தொழிலைக் கற்று முடிக்குமுன்னரே அவர் அடுத்த இடத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டியவராகின்றார். பெரும் புயல் வரும் நாளில், அமைதிக் காலத்துச் சூரியனையும் பார்த்துப் பழகியவர் அங்கு இல்லாதிருக்கக்கூடும். அறிவைத் திட்டச் செலவாக மாத்திரம் கணக்கிடும் பொருளாதாரத்தின் விளைவு இது.

கொடைக்கானல் மலையை எண்ணிப் பாருங்கள். அந்நிய ஆட்சியில் தொடங்கியதாயினும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவ்வாய்வுக்கூடத்தில் சூரியனைப் படம் பிடித்து வந்திருக்கின்றனர். 1909இல் அங்கு சூரியப் புள்ளிகளில் வாயுவின் ஓட்டத்தைக் கண்டறிந்த எவர்செட்டின் பெயரை நூல்கள் கூறும். வெயில் கிட்டிய காலைதோறும் கண்ணாடித் தட்டை மாற்றிய உதவியாளரின் பெயரை எவரும் கூறார். ஆயினும் சூரியச் சுழற்சியை இன்று ஆராய்வோர்க்கு அத்தட்டுகள் பெருஞ் செல்வம்.

எனவே, எம் இளைஞர் இத்துறைக்குத் துணிந்து செல்லட்டும். ஆனால், ஆற்றலுள்ளவரைத் தேடி அறிவித்தல் விடுக்கும் பல்கலைக்கழகங்களும் அவற்றுக்கு நிதி வழங்கும் அரசுகளும் ஒன்றைச் செய்தாக வேண்டும். கலங்கரை விளக்கைக் காப்பவனை ஓராண்டு ஒப்பந்தத்தில் அமர்த்திவிட்டுக் கப்பல்களைக் கடலில் விடுதல் தகாது. நிலையான பதவியும், ஒரு சூரியச் சுழற்சியேனும் நீளும் நிதியும், எந்நாட்டு மக்களுக்கும் விலையின்றிக் கிடைக்கும் எச்சரிக்கையும் வேண்டும். இவற்றைக் கோருவது விஞ்ஞானிகளின் கடமை மட்டுமல்ல. மின்விளக்கின் கீழிருந்து இதனைப் படிக்கும் நம் அனைவரதும் கடமையாகும்.