கடல் கடந்து வந்த கடிதங்கள்

தலைவர்களின் மேடைப் பேச்சுகளைவிட அவர்கள் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களையே நான் பெரிதும் விரும்பிப் படிப்பதுண்டு. ஆயிரம் பேர் கூடிய அவையில் முழங்கியவர், தம் மகனிடம் தனித்திருந்து என்ன பேசினார் என்று அறியும் ஆவலே அதற்குக் காரணம். ஜவகர்லால் நேரு தம் மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதங்களை நாம் அறிவோம். அவற்றுக்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்னரே, அவருடைய தந்தை மோதிலால் நேரு அவருக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி நம்மில் பலர் அவ்வளவாக அறியோம். என் உள்ளத்தில் நெடுங்காலமாகத் தங்கியிருப்பவை அந்தக் கடிதங்களே.

மோதிலால் 1861ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவருடைய தந்தை மறைந்துவிட்டார். தமையனாரின் அரவணைப்பில் வளர்ந்த அவர், அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் புகழ்பெற்ற வழக்குரைஞராக உயர்ந்தார். தந்தையின் முகத்தையே காணாத அவர், மகனிடம் எல்லையற்ற அன்பும் அதற்கு இணையான கண்டிப்பும் கொண்டிருந்தார். தந்தையின் மேசைமேல் இரண்டு பேனாக்கள் இருப்பதைக் கண்ட சிறுவன் ஜவகர், ஒருவருக்கு இரண்டு எதற்கு என்று எண்ணி ஒன்றை எடுத்துக்கொண்டான். அது வெளிப்பட்டபோது கடுமையாக அடிபட்டான். இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் நேருவே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அடி பொறுக்க முடியாததாக இருந்தபோதும் தந்தைமீது கொண்ட அன்பு குறையவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

1905ஆம் ஆண்டு மே மாதம் மோதிலால் குடும்பத்துடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பதினைந்து வயது மகனை ஹாரோ பள்ளியில் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில், பிரான்சு நாட்டின் மார்செய் துறைமுகத்திலிருந்து அவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பாரை அஞ்சவைத்த அந்த மனிதர், அக்கடிதத்தில் தம் துயரத்தை ஒளிக்கவில்லை. உலகில் தமக்குள்ள ஈடற்ற செல்வத்தையே அந்நிய மண்ணில் விட்டுச் செல்வதாக அவர் எழுதினார். மகனுக்குப் பொருள் தேடி வைப்பது தமக்கு அரிதன்று; ஓராண்டு வருவாயே அதற்குப் போதும். ஆயினும் செல்வத்தை மட்டும் தந்து கல்வியைத் தராமல் அருகிலேயே வைத்துக்கொள்வது தன்னலமாகும் என்பது அவர் கருத்து. அவனை முழு மனிதனாக ஆக்கவே இந்தப் பிரிவைத் தாங்கிக்கொள்வதாக விளக்கினார். மகனைத் தொலைவுக்கு அனுப்பும் ஒவ்வொரு தந்தையின் நெஞ்சிலும் இருப்பதுதான் இது. அதைச் சொற்களில் வடித்து மகன் கையில் சேர்க்கும் தந்தையர் மிகச் சிலரே.

அக்காலத்தில் கடிதங்கள் கப்பலில் பயணம் செய்தன. கேட்ட கேள்விக்கு விடை வந்துசேர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வானூர்தி அப்போதுதான் தோன்றி வளர்ந்துகொண்டிருந்தது. அதில் மனம் பறிகொடுத்த ஜவகர், இனி வார இறுதியில் வானூர்தியில் பறந்துவந்து தந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் காலமும் வந்துவிடும் என்று ஆர்வத்தோடு எழுதினார். புதுமையில் கொண்ட வியப்போடு, வீட்டைப் பிரிந்த ஒரு சிறுவனின் ஏக்கமும் அவ்வரியில் கலந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அச்சிறுவனின் அறிவு பள்ளிச் சுவருக்குள் அடங்கி நிற்கவில்லை. இங்கிலாந்தில் புதிய அமைச்சரவை அமைந்தபோது, வகுப்பாசிரியர் அதைப் பற்றிக் கேட்க, ஏறத்தாழ எல்லா அமைச்சர்களின் பெயர்களையும் சொன்ன ஒரே மாணவர் ஜவகர்தான். இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியைப் பற்றிய நூலொன்று அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. அதைப் படித்தபோது இந்தியாவிலும் அத்தகைய போராட்டம் நிகழ்வதாக அவர் கனவு கண்டார். வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் தாயகத்தைக் கொந்தளிக்கச் செய்த காலம் அது.

தந்தைக்கும் மகனுக்கும் இடையே கருத்து வேறுபாடு தோன்றியது இந்த இடத்தில்தான். மோதிலால் அன்று மிதவாதி. சட்ட நெறியில் நின்று படிப்படியாக உரிமை பெறலாம் என்று நம்பியவர். மகனின் உள்ளமோ திலகரைப் போன்ற தீவிரவாதத் தலைவர்களை நாடியது. கேம்பிரிட்ஜில் பயின்ற காலத்தில், தந்தையின் அரசியலைக் கண்டு ஆங்கில அரசு மிகவும் மகிழ்ந்திருக்கும் என்னும் பொருள்பட ஜவகர் ஒரு கடிதம் எழுதிவிட்டார். மோதிலால் கடுஞ்சினம் கொண்டார். படிப்பை நிறுத்தி மகனைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் அளவுக்கு அவருடைய சினம் சென்றது என்று நேரு குறிப்பிடுகிறார்.

ஆயினும் மோதிலால் மகனை அழைத்துக்கொள்ளவில்லை. படிப்பு தொடர்ந்தது, கடிதங்களும் தொடர்ந்தன. அன்பு ததும்பும் மார்செய் கடிதத்தைவிட, சினத்துக்குப் பின்னும் நில்லாமல் எழுதப்பட்ட இக்கடிதங்களையே நான் பெரிதாக மதிக்கிறேன். தம் சொல்லை அப்படியே ஏற்கும் மகனிடம் அன்பு காட்டுவது எளிது. தம் செலவில் படித்துக்கொண்டே தம் கொள்கையைக் குறைகூறும் மகனிடம் அன்பு மாறாதிருப்பது அரிது. முழு மனிதனாக ஆகவேண்டும் என்று விரும்பி அனுப்பிய மகன், முழு மனிதனுக்குரிய தனிக் கருத்தோடு எதிரே வந்து நின்றான். மோதிலாலின் விருப்பம் மெய்யானது என்பதற்கு அதுவே சோதனையாயிற்று.

பின்னர் நிகழ்ந்தவற்றை வரலாறு சொல்லும். 1919இல் ஜவகர் காந்தியடிகளின் சத்தியாகிரகத்தில் சேர விரும்பினார். மகன் சிறை செல்வதை எண்ணவும் மோதிலாலால் இயலவில்லை. எனினும் சிறையில் மகன் படுக்கப்போகும் தரை எப்படியிருக்கும் என்று அறிய, ஆனந்த பவனத்தின் பட்டு மெத்தையை விட்டு அவர் வெறுந்தரையில் படுத்துப் பார்த்தார். அடுத்த ஆண்டே பெரும் வருவாய் தந்த வழக்குரைஞர் தொழிலைத் துறந்து ஒத்துழையாமை இயக்கத்தில் இணைந்தார். 1921 டிசம்பரில் தந்தையும் மகனும் ஒரே நாளில் கைது செய்யப்பட்டனர். 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரசு மாநாட்டில், முந்தைய ஆண்டுத் தலைவரான மோதிலாலை அடுத்துத் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் ஜவகர்லால். முழு விடுதலையே குறிக்கோள் என்று அம்மாநாடு அறிவித்தது. கேம்பிரிட்ஜிலிருந்து மகன் தொடங்கிய வாதத்துக்குத் தந்தை தம் வாழ்வையே விடையாகத் தந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

மோதிலாலிடம் கற்ற கலையை ஜவகர் மறக்கவில்லை. 1928 கோடையில், முசோரியில் இருந்த பத்து வயது இந்திராவுக்கு உலகம் தோன்றிய கதையை அவர் எழுதலானார். 1930இல் மகளின் பிறந்தநாளுக்கு நைனிச் சிறையிலிருந்து அவரால் அனுப்ப முடிந்த பரிசும் ஒரு கடிதமே. அந்தக் கடிதங்களில் தாம் சொல்வதையெல்லாம் முடிந்த முடிபாகக் கொள்ளாமல் தானே சிந்திக்குமாறு மகளைத் தூண்டியதில், மோதிலாலின் பொறுமைக்கும் பங்குண்டு.

மாணவர்களே, உங்களில் சிலர் விடுதியில் தங்கிப் படிக்கலாம். சிலர் அடுத்த ஆண்டு தொலைவில் உள்ள கல்லூரியை நாடிச் செல்லலாம். நொடியில் பேசிவிட வழி இருக்கும் இக்காலத்தில் நலம் கேட்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. நீங்கள் படித்த நூல், உங்களை வருத்தும் செய்தி, பெற்றோரிடமிருந்து நீங்கள் மாறுபடும் கருத்து ஆகியவற்றைப் பணிவோடு ஒரு தாளில் எழுதி அனுப்பிப் பாருங்கள். அதைப் பிரித்துப் படிக்கும் கைகள் உங்கள் வீட்டிலும் காத்திருக்கக்கூடும்.