தாராவும் தோம்பும்

சில வருடங்களுக்கு முன், எங்கள் நாட்டின் கலைகளை வெளிநாட்டவர்க்கு அறிமுகப்படுத்தும் மாலை நிகழ்வொன்றிற்கு, செவன் கிங்ஸில் நாங்கள் வேலை செய்யும் கடையிலிருந்து வடையும் பற்றிசும் போயின. கொண்டுபோனவர்கள் நாங்கள்தான். சுவரில் சிகிரியாப் பெண்கள். மேடையில் கண்டிய மேளம். தட்டுகளோடு பின்கதவால் உள்ளே போய், அதே கதவால் வெளியே வந்தோம். அந்த மண்டபத்தில் எங்கள் பங்கிற்கு இருந்தது வடை மட்டுமே. முதலில் முடிந்ததும் வடைதான் என்பது வேறு விசயம்.

அன்றிரவு கோப்பை கழுவியபடி தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஒரு நாட்டிற்குத் தன் கலையை உலகுக்குக் காட்டத் தூதரகம் இருக்கிறது, காசு இருக்கிறது. எங்களைக் காட்டுவது யார்? எதைக் காட்டுவது?

கடை பூட்டுகிற திங்கட்கிழமையொன்றில் மூவருமாகப் பிரித்தானிய நூதனசாலைக்குப் போனோம். செவன் கிங்ஸில் ஏறினால் ரொட்டன்ஹாம் கோர்ட் றோட்டில் இறங்கலாம்; 2022இலிருந்து ரெயின் மாறத் தேவையில்லை. அங்கே 33ஆம் அறையில் தாரா நிற்கிறாள். (தாரா என்றதும் எங்களுக்கு முதலில் ஞாபகம் வந்தது குளத்தில் நீந்துகிற தாராதான்.) பொன்முலாம் பூசிய வெண்கலம். 143 சென்ரிமீற்றர் உயரம். 8ஆம் நூற்றாண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கண்டெடுத்தது. 1830இல் நூதனசாலைக்குக் கொடுத்தவர் றொபேட் பிறவுண்றிக்; 1815இல் கண்டியைப் பிடித்த அதே தேசாதிபதி. மேலுடம்பில் துணியில்லை என்பதால் முப்பது வருடமளவில் அவளைப் பொதுசனங்களின் கண்ணில் படாமல் வைத்திருந்தார்களாம்.

எங்களில் ஒருவன் மூதூர்க்காரன். "இவள் எங்கட கரைப் பொம்பிளை" என்றான்.

மற்றவன் விடவில்லை. "புத்த சிலையடாப்பா! நாளைக்கு இதைக் காட்டி உன்ர வளவையும் தங்கடையெண்டு சொல்லுவாங்கள்."

பகிடிக்குச் சொன்னதல்ல. அந்தப் பயத்திற்கு ஊரில் போதிய காரணங்கள் உண்டு. ஆயினும் மணிமேகலை எழுதப்பட்ட மொழியைப் பேசிக்கொண்டு, பௌத்தத்தை முழுவதுமாக மற்றவனுக்கு உறுதி எழுதிக் கொடுப்பதும் சரியாகப் படவில்லை. தாராவின் இடது கை எதையோ ஏந்தியிருந்ததுபோல வளைந்திருக்கிறது. இப்போது அதில் ஒன்றுமில்லை. அந்தக் கையைத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வரும்போது, எங்களுக்கு அரங்கேற்றம் இருக்கிறதே என்று பேச்சு வந்தது. மண்டபத்திற்கும் நகைக்கும் கடன்பட்டு, எங்களை நாங்களே எங்களுக்குக் காட்டிக்கொள்கிறோம். அந்த விருந்துகளுக்குச் சமைப்பதும் நாங்கள்தான், ஆகவே அதிகம் குறை சொல்லக்கூடாது.

பிறகொருநாள் நண்பரொருவர் ஒரு புத்தகத்தைக் குசினிக்கே கொண்டுவந்து காட்டினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனனின் 'த இன்கொம்பிளீற் தோம்பு', 2011இல் வெளிவந்தது. தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்களிடம், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரும்படி கேட்டிருக்கிறார். அப்படி 80 வீடுகள். ஒவ்வொன்றோடும் அதே வீட்டைக் கட்டடக் கலைஞர் அளவாகக் கீறிய படம். கூடவே சனாதனனின் ஓவியம். எண்ணெய்க் கையைத் துடைத்துத் துடைத்துப் புரட்டினோம். கோபுரமும் தேரும் எடுபடாத இடத்தில், ஒரு மனிதன் கைநடுங்கக் கீறிய வீட்டுக் கோடு எடுபடுகிறது. வெள்ளைக்காரனுக்கு விளங்குமோ என்று ஒருவன் கேட்டான். வீட்டை விட்டு ஓடிய எவனுக்கும் விளங்கும் என்பதுதான் எங்கள் எண்ணம். சிரியாக்காரன் ஒருவன் எங்களோடு கோப்பை கழுவுகிறான்; எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான்.

ஓடர் துண்டுகளின் பின்பக்கத்தில் நாங்களும் கீறினோம். மூதூர்க்காரன் டக்கென்று முடித்துவிட்டான். மற்றவன் விறாந்தை, சாமியறை, மாட்டுக்கொட்டில் எல்லாம் போட்டுவிட்டுக் கிணற்றடியில் நின்றுவிட்டான். குசினி வாசலில் நின்று பார்த்தால் கிணறு இடமா, வலமா? ஊரிலிருக்கும் அக்காவுக்குக் கோல் எடுத்தான். இடம் என்றா. கனடாவிலிருக்கும் அண்ணர் வலம் என்று சத்தியம் பண்ணினார். அதற்குள் ஐந்தாம் மேசைக்குக் கொத்துரொட்டி ஓடர் வந்துவிட்டது. துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அதில் இரண்டு கிணறு இருக்கிறது.