காருக்கு அடியில் ஓர் அட்டை

காலை ஐந்தரைக்கு நான் வானொலி நிலையத்தில் இருக்க வேண்டும். பண்டமாரானிலிருந்து நாலே முக்காலுக்குக் கிளம்பினால் கூட்டரசு நெடுஞ்சாலை காலியாகக் கிடக்கும். ஆறு மணிக்கு மேல் அதே சாலையின் நெரிசலை நான்தான் நேயர்களுக்குச் சொல்வேன். "பத்து தீகா பக்கம் ஒரு கார் பழுதாகி நிக்குது, பார்த்துப் போங்க" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லிக்கொண்டே மூன்று வாரம் என் பழைய மைவிக்கு இரண்டு நாளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

அப்பாவை நினைத்துத்தான் சொல்லவில்லை. கிள்ளான் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் கொள்கலன் லாரி ஓட்டியவர். எங்கள் வீட்டு வண்டி எதுவும் பட்டறைக்குப் போனதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் வலது கை பலம் போய்விட்டது. வண்டி பழுது என்று சொன்னால் எழுந்து வந்து நிற்பார், முடியாமல் போகும், அதை நான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு வியாழக்கிழமை அவரைக் கைப்பயிற்சிக்கு அழைத்துப்போய்த் திரும்பும் வழியில் மூக்கைச் சுருக்கினார்.

"என்னா மா, வண்டியில பாகு காய்ச்சுற வாசம்?"

"ஒன்னுமில்லப்பா."

"எத்தனை நாளா தண்ணி ஊத்துற?"

சொன்னேன். வீடு வரும்வரை அவர் பேசவில்லை.

வாசலில் நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து, துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். இடது கையால் என் மணிக்கட்டில் ஓர் அடி. மூடியின் அழுத்தத்தால்தான் உள்ளே இருக்கும் நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு திறந்தால் அந்தக் கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். இன்ஜின் மேல் கை வைத்து ஆற அமர எண்ண முடிகிற அளவுக்குக் குளிர்ந்த பிறகே மூடியைத் தொட வேண்டும் என்றார்.

பட்டறைக்காரர் ஒருவர் ரேடியேட்டரையே மாற்றச் சொல்லியிருந்ததை அப்போது ஒப்புக்கொண்டேன்.

"அடியில குனிஞ்சு பார்த்தானா?"

"இல்ல."

"அப்ப எப்படிச் சொன்னான்?"

அன்றிரவு பிஸ்கட் பெட்டி அட்டையைப் பிரித்துக் காருக்கு அடியில் விரித்தோம். விடியலில் பார்த்தால் ரேடியேட்டருக்கு நேர்கீழே அட்டை காய்ந்திருந்தது. பெல்ட் ஓடும் பக்கத்தில் மட்டும் கைக்குட்டை அகலத்துக்கு ஈரம். அம்மாவின் பவுடர் கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்து வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு சின்னத் துளை, அதிலிருந்து கீழே உப்புப் படிந்தது போல ஒரு கோடு.

அந்தத் துளை ஓட்டை அல்ல, வேண்டுமென்றே வைத்தது. பம்ப்பின் தண்டில் நீரைத் தடுக்க ஒரு சீல், அதற்கப்பால் பேரிங். சீல் தேய்ந்தால் நீர் பேரிங்குக்குப் போகாமல் இந்தத் துளை வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். இன்ஜினை அணைத்துவிட்டுப் புல்லியைப் பிடித்து ஆட்டினேன், லேசாக ஆடியது. பிறகு அப்பா நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றை நீட்டினார். ஓடும் இன்ஜினில், பெல்ட்டுக்கு எட்டாமல், நுனியைப் பம்ப்பின் உடலில் வைத்துப் பிடியைக் காதில் வைக்க வேண்டும்.

"நீ காதை வச்சுப் பிழைக்கிறவதானே, கேளு."

கேட்டேன். அம்மியில் மிளகு அரைபடுவது போல ஒரு கரகரப்பு. ஒலிவாங்கியில் அப்படி ஒரு சத்தம் வந்தால் நிகழ்ச்சியையே நிறுத்திவிடுவேன்.

சனிக்கிழமை காலை உதிரிப்பாகக் கடைத் தவுக்கேயிடம் பம்ப், கேஸ்கெட், கூலண்ட் மூன்றும் வாங்கினோம். பட்டறைக்காரர் சொன்ன தொகையில் கால்வாசி கூட ஆகவில்லை. எங்கள் மைவியின் பம்ப் வெளிப்பெல்ட்டில் ஓடுவது, அதனால்தான் வீட்டில் துணிந்தோம். டைமிங் பெல்ட்டுக்குள் பம்ப் இருக்கும் கார்களில் இதை முயலாதீர்கள். பல்லு தவறினால் இன்ஜினே கெட்டுப்போகலாம்.

பாட்டரியைக் கழற்றினோம். பழைய கூலண்ட் பேசினில் இறங்கியது. அது இனிக்கும், பூனை நக்கினால் செத்துப்போகும் என்று அம்மா உடனே பலகையால் மூடினார். பிறகு போத்தலில் அடைத்துப் பட்டறையில் கொடுத்தோம், கால்வாயில் ஊற்றவில்லை. பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே புல்லி போல்ட்டுகளைத் தளர்த்தச் சொன்னார் அப்பா. பெல்ட் இறுக்கத்தில் இருக்கும்போதுதான் புல்லி சுற்றாமல் நிற்கும்.

பம்ப்பின் கடைசி போல்ட் அசையவில்லை. அப்பா ஸ்பேனரை வாங்கி வலது கையை வைத்தார். விரல்கள் மூடவில்லை. இன்னொரு முறை. ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது. நான் எடுக்கவில்லை, அம்மாவும் எடுக்கவில்லை. அவரே குனிந்து எடுத்து என் கையில் திணித்துத் தன் இடது கையை என் கைமேல் வைத்தார்.

"தள்ளாத மா, இழு. தள்ளுனா நழுவும்போது விரல் முட்டி பேந்துடும்."

டக்கென்று விட்டது. பழைய பம்ப்பின் உள்ளே துருநிறம். வெறும் தண்ணீராக ஊற்றி ஊற்றிக் கூலண்டின் துருத்தடுப்பை நான் நீர்த்துப்போகச் செய்த மூன்று வாரமும் அதில் சேர்ந்திருக்கும். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டித் துடைக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. புதிய பம்ப்பின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். பம்ப் உட்காரும் இடம் அலுமினியம், அதிகம் முடுக்கினால் மரை போய்விடும். தன் கையால் உணர முடியாததால் ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார்: "இறுகுதா, இழுக்குதா?" இறுகுவது சரி. ரப்பர் போல இழுத்தால் நிறுத்த வேண்டும். இரண்டாம் படிவக் கணக்குக்குப் பிறகு அவர் என்னிடம் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

கூலண்ட் ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்துக் குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டோம். குமிழ்கள் அடங்கி நீர்மட்டம் இறங்க, மேலும் ஊற்றி மூடினோம். இரவு புது அட்டை விரித்தோம், ஞாயிறு இரவும்.

திங்கள் அதிகாலை நான் வெளியே வந்தபோது அட்டை ஏற்கெனவே கேட்டில் சாய்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. மூலையில் அப்பா தேதியும் மீட்டர் கணக்கும் எழுதியிருந்தார். இடது கை எழுத்து, ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.