மாமாவின் தீர்ப்பு

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் என் அக்காள் குடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் விடுதிச் சாப்பாட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நான் அங்கே ஆஜராகிவிடுவேன். 2024 மார்கழியில் அப்படிப் போன ஒரு நாள், செருப்பைக் கழற்றுமுன்பே அக்காள் வழக்கைத் தொடங்கிவிட்டாள்.

"தம்பி, நீதான் தீர்த்துவைக்க வேண்டும். இவன் வகுப்பில் இலண்டனிலிருந்து வந்த பையன் ஒருவன் இருக்கிறானாம். 'டாக்டர் ஹூ' என்று ஏதோ தொலைக்காட்சித் தொடராம். அதைப் பார்த்தே தீருவேன் என்று இவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். பேய்க்கதை, கூடவே கூடாது என்கிறார் உன் அத்தான். நீ பௌதிகம் படிக்கிறவன் ஆயிற்றே! அது விஞ்ஞானமா, பேயா? ஒன்பது வயதுப் பிள்ளை பார்க்கலாமா?"

பௌதிகம் படித்தால் பேயைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று அக்காளுக்கு யார் சொன்னார்களோ! ஆயினும் நீதிபதிப் பதவி வலிய வரும்போது வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன்.

எனக்கு முன்பே பல நீதிபதிகளைக் கண்ட வழக்கு இது என்பது விசாரணையில் தெரிந்தது. இத்தொடர் பி.பி.சி.யில் 1963 நவம்பர் 23ஆம் நாள், கென்னடி கொலையுண்ட மறுநாள், தொடங்கியது. பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் சரித்திரமும் புகட்ட வேண்டும் என்பது நோக்கம். அதற்காகவே முதற்கதைகளில் ஒரு விஞ்ஞான ஆசிரியரையும் ஒரு சரித்திர ஆசிரியையையும் கூட அனுப்பினார்கள். கோரப் பிறவிகள் எவையும் கூடா என்பது, தொடரை உருவாக்கியவர்களுள் முதல்வரான சிட்னி நியூமனின் கட்டளை. கட்டளை எத்தனை நாள் நின்றது? இரண்டாவது கதையிலேயே 'டாலெக்' என்னும் இரும்புக் கூட்டுப் பிறவிகள் வந்து சேர்ந்தன. இங்கிலாந்துப் பிள்ளைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தார்கள், பார்ப்பதை நிறுத்தவில்லை.

1976இல் டாக்டரின் தலையைத் தண்ணீரில் அமுக்கும் காட்சியோடு ஒரு வாரத்துப் பகுதியை முடித்துவிட்டார்கள். மேரி ஒயிட்ஹவுஸ் என்னும் அம்மையார் கொதித்தெழுந்தார். பி.பி.சி.யின் தலைவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அம்மையாரைக் கேலி செய்தவர்கள் பலர். நான் கேலி செய்ய மாட்டேன். அடுத்த சனிக்கிழமை வரை ஒரு குழந்தை அந்தக் காட்சியைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டுமே!

நம் நாட்டில் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, இணையவழி வரும் படங்களுக்கு 'யு' முதல் 'ஏ' வரை ஐந்து முத்திரைகள். நடுவே 7, 13, 16 என்று வயதுகள். ஆனால் வீட்டில் உட்கார்ந்திருப்பது எந்தப் பிள்ளை என்று முத்திரை குத்துபவருக்கு எப்படித் தெரியும்?

'பிளிங்க்' என்ற 2007ஆம் ஆண்டுக் கதையை எடுத்துக்கொண்டேன். ஸ்டீவன் மொஃபட் எழுதியது; 2008இல் ஹியூகோ பரிசு பெற்றது. அதில் சிறகு முளைத்த கற்சிலைகள் வருகின்றன. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவை வெறுங்கல். கண்ணை இமைத்தால் ஓரடி நெருங்கும். தொட்டால் மனிதன் சாவதில்லை. பழைய காலத்துக்குத் தள்ளப்பட்டு, அங்கேயே வாழ்ந்து மூப்படைகிறான். நள்ளிரவில் விடுதியறையில் தனியே பார்த்தேன். விளக்கைப் போட்டுக்கொண்டேன் என்பதை நண்பர்கள் மன்னிக்க வேண்டும். இரத்தம் இல்லை, கத்தி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை என்று தாளில் குறித்துக்கொண்டேன். ஒரே ஓர் ஐயம். விக்டோரியா நினைவு மண்டபத்தின் உச்சியில் சிறகுள்ள வெண்கலத் தேவதை ஒன்று நிற்கிறதல்லவா? பதினாறடி உயரம், காற்றுக்குத் திரும்பும்படியே அமைத்தது. இனி பையனை மைதானத்துப் பக்கம் அழைத்துப் போக முடியுமா?

"பார்க்கலாம், நானும் உடன் இருக்கிறேன்" என்று தீர்ப்பளித்தேன்.

பார்த்தோம். சிலைகள் வந்தபோது பயல் என் கையை இறுகப் பற்றிக்கொண்டானே தவிர எழுந்து ஓடவில்லை. நான் குறிக்கத் தவறிய இடம் வேறு. கதையில் ஓர் இளம் போலீஸ்காரன் 1969க்குத் தள்ளப்படுகிறான். அன்று காலையில்தான் அவனைக் கண்டு பேசிய பெண், சற்று நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனைக் கிழவனாகக் காண்கிறாள். வெளியே மழை. மழை நிற்கும்வரைதான் தன் ஆயுள் என்று அவனுக்குத் தெரியும். அவள் அருகிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

படம் முடிந்ததும் பையன் கேட்டான்: "மாமா, அம்மாச்சி பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?"

அம்மாச்சி என்பது என் தாயார். 2024 ஆடியில் திருச்சியில் காலமானார். அக்காள் அலறியடித்துக்கொண்டு புறப்பட்டபோது, "பையனை அழைத்து வராதே, குழாயும் ஊசியுமாகக் கிடக்கிறார்கள், குழந்தை பார்க்கக் கூடாது" என்று தொலைபேசியில் சொன்னவன் நான். அக்காளும் அத்தானும் என் பேச்சைக் கேட்டார்கள். அண்டை வீட்டு வங்காளி அம்மாளிடம் அவன் பன்னிரண்டு நாள் இருந்தான். அன்றும் நான்தான் நீதிபதி.

"நான் உட்கார்ந்திருந்தேன்" என்றேன்.

"அம்மாச்சி என்னைக் கேட்டார்களா?"

கேட்டார்கள். இரண்டு முறை கேட்டார்கள். அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, அக்காளிடங்கூட. அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சொன்னேன். பையன் அழவில்லை. சன்னல் எந்தப் பக்கம் இருந்தது, மழை பெய்ததா, பேசும்போது வலித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். மழை இல்லை, கடும் வெயில் என்றேன். அக்காள் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

அதன்பின் மூன்று இரவுகள் பயல் விளக்கை அணைக்க விடவில்லையாம். அக்காள் என்மேல் பழி போட்டாள், ஏற்றுக்கொண்டேன். சிலைக்குப் பயந்தானா, வேறெதற்கா என்று அவனைக் கேட்கத் துணிவு வரவில்லை. விக்டோரியாவுக்குப் போனோம். தேவதையை அண்ணாந்து பார்த்து, ஒரு கண்ணை மட்டும் மாற்றி மாற்றி மூடினால் போதும் என்று எனக்கு உபாயம் சொல்லிக்கொடுத்தான்.

இப்போது அவன் கேட்பது 2005இல் வந்த கதை. 1941ஆம் ஆண்டுக் குண்டுவீச்சுக்கிடையே, முகமூடி அணிந்த சிறுவன் ஒருவன் இருட்டில் தன் தாயைத் தேடி அலைகிறான். இரண்டு முறை பார்த்துவிட்டேன். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு தோறும் கேட்கிறான்.