தறியறிந்த ஊரும் பலகை ஆலையும்

காஞ்சி மாநகரைக் கோயில்களுக்காகவும் பட்டுக்காகவும் நாடி வருகிற யாத்திரிகர்களில், நகருக்குக் கிழக்கே சில கல் தொலைவிலுள்ள ஏனாத்தூரை எட்டிப் பார்ப்பவர்கள் சொற்பமே. ஆனால் 1993-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து பெற்ற ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மஹாவித்யாலயா இருப்பது இங்கேதான். சங்கரா கலை அறிவியல் கல்லூரியும் மீனாட்சி மருத்துவக் கல்லூரியும் இவ்வூரையே விலாசமாகக் கொண்டவை. பனையோலைச் சுவடிகளைப் பேணுகிற நூலகமும், யந்திரவியல் பயில்கிற வகுப்புகளும் ஒரே வளாகத்தில் கூடியிருப்பது ஏனாத்தூரின் விசேஷம்.

காலை பஸ்ஸில் வந்து இறங்கும் மாணவர்களில் காஞ்சி நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. யந்திரவியலின் பாலபாடம் அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது. தறியின் தலைமேல் ஏற்றிய ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்க, துளையுள்ள இடத்தில் கொக்கி எழும்பிப் பாவு நூலைத் தூக்குகிறது. துளையில்லாத இடத்தில் நூல் அசையாமல் கிடக்கிறது. லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் செய்தளித்த இந்த உபாயத்தைத்தான் பிற்பாடு தம் கணக்கு யந்திரத்துக்கு ஆங்கிலேயக் கணித அறிஞர் பாபேஜ் எடுத்துக்கொண்டார். இப்போது காஞ்சியிலேயே சில தறிகளில் அட்டை போய், கணினி கட்டளையிடும் ஜக்கார்டு வந்துவிட்டது. ஆனாலும், அறுந்த இழையைக் கண்டு பிணைப்பதற்கு நெசவாளியின் கண்ணும் விரலுமே வேண்டியிருக்கின்றன.

யந்திரத்தைக் கண்ணாலும் விரலாலும் கவனிக்கிற இந்த அப்பியாசம் நெசவோடு நிற்க வேண்டியதில்லை; பலகை ஆலைக்கும் அது உதவும். வடக்கே கும்மிடிப்பூண்டிப் பக்கம் பிளைவுட் உற்பத்தி நடக்கிறது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்த பின், நம் நாட்டுப் பலகைத் தொழில் தைலமரம், மலைவேம்பு போன்ற தோட்ட மரங்களை மேலும் மேலும் நம்பலாயிற்று. மெல்லிய கட்டையை இரு முனையிலும் குத்திப் பிடிக்கிற பழைய கடைசல் யந்திரம் நடுத்தண்டைப் பருமனாக மிச்சம் வைத்துவிடும். உருளைகளால் அணைத்துச் சுழற்றும் புதிய யந்திரமோ, பாய்ச் சுருள் பிரிவதுபோல், கட்டை கைத்தடிப் பருமனாகும்வரை வினீர் என்னும் மெல்லிய மர ஏட்டை உரித்துத் தள்ளுகிறது.

அடுத்தது உலர்த்துதல், நஷ்டத்தின் பிறப்பிடமும் அதுவே. ஈரம் மிஞ்சிய வினீரைப் பசை தடவிச் சூடான அழுத்தியில் வைத்தால், வெளியேற வழியின்றி அடைபட்ட ஆவி பலகைக்குள் குமிழ் கட்டிவிடும். முன்பு தொழிலாளி தொட்டுப் பார்த்துத் தீர்மானித்த ஈரத்தை இன்று உணர்கருவி அளந்து, ஈர ஏட்டைத் தனியே ஒதுக்குகிறது. சூட்டருகே நின்று கையால் தட்டுக்குத் தட்டு பலகை திணித்த வேலையைத் தானியங்கி ஏற்றி செய்கிறது. அந்த வெப்பத்திலிருந்து மனிதனை விடுவித்த யந்திரத்தை நான் மனமார வரவேற்கிறேன். எனினும் எந்த லாட்டு மரம் ஈரமாக வந்தது, உலர்த்தியின் வேகத்தை எவ்வளவு குறைப்பது என்பதை நிர்ணயிக்க அனுபவசாலி ஒருவன் வேண்டும். யந்திரத்துக்குக் கோடிகளைக் கொட்டுகிற முதலாளி, அவனைப் பழக்க ஒரு வாரம் ஒதுக்கத் தயங்குவது விசித்திரமே.

மரத்தைப் பற்றிய விஞ்ஞானத்துக்கென்றே பெங்களூரில் மத்திய சர்க்காரின் மர விஞ்ஞான தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது. காஞ்சியிலிருந்து அது ஒரு பகற்பொழுதுப் பிரயாணந்தான். ஏனாத்தூர்க் கல்லூரிகள் தங்கள் யந்திரவியல் மாணவர்களில் சிலரையாவது ஆண்டுதோறும் அங்கேயும், பலகை ஆலைகளுக்கும் பயிற்சிக்கு அனுப்பிவைக்க வேண்டும். தறி வீட்டுப் பிள்ளைகளை முதலில் அனுப்பட்டும்.