தக்கையில் தொடங்கிய கார்

மாஸ்டா பிரியர்கள் பேச ஆரம்பித்தால் முதலில் என்ஜினைத்தான் எடுப்பார்கள். எனக்கு அந்தக் கம்பெனியின் ஊர்தான் முக்கியம்: ஹிரோஷிமா. 1920-ல் தக்கை செய்யத் தொடங்கியவர்கள், 1931-ல் மூன்று சக்கரச் சரக்கு வண்டிக்கு வந்தார்கள். 1945 ஆகஸ்டில் அணுகுண்டு விழுந்தபோது நடுவே ஹிஜியாமா குன்று இருந்ததால் தொழிற்சாலை பெருமளவு தப்பியது. மாகாண அரசு அலுவலகமே சில காலம் அதற்குள் நடந்தது. அந்த டிசம்பரிலேயே மறுபடி வண்டி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்!

அப்படிப்பட்டவர்களுக்கு, பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரி என்ஜின்மேல் பிடிவாதம் வந்ததில் வியப்பென்ன? பல கம்பெனிகள் தொட்டுவிட்டுக் கைவிட்ட சமாசாரம் அது. இவர்கள் 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற காரில் வைத்து விற்றார்கள். 1991-ல் அதே வகை என்ஜினோடு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையும் ஜெயித்தார்கள்.

அதே ரோட்டரி என்ஜின் வகையில் வந்த ஆர்எக்ஸ்-8 கார் வைத்திருப்பவர்கள் பாவம். பெட்ரோலும் குடிக்கிறது, ஆயிலும் குடிக்கிறது, ரோட்டர் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் போய்விடுகிறது என்று புலம்புவார்கள். ஆனால் விற்கச் சொன்னால் கோபம் வரும். 1989-ல் வந்த மாஸ்டாவின் இன்னொரு காரான மியாட்டாவை வைத்திருப்பவர்களுக்கு அந்த ரோட்டரித் தலைவலி இல்லை. இரண்டே சீட்டு, பெட்டி வைக்க இடம் குறைவு, அவ்வளவுதான் குறை.

காசிருந்தால் நான் மியாட்டாதான் வாங்குவேன். ஆர்எக்ஸ்-8ஐ யாராவது நண்பர் வாங்கட்டும், ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன்.